ஜெனிஷ் நின்ற இடம்

கிட்ட வந்து இருங்க மக்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. காற்று கடலில் இருந்து எதிரே அடிக்கிறது, எனக்க தொண்டையோ மீன் ஏலம் கூவிக் கூவித் தேய்ந்துபோன தொண்டை. தள்ளி இருந்தால் பாதிக் கதையைக் காற்று கொண்டுபோய்விடும், மீதிப் பாதியைக் கேட்டுவிட்டு சலோமி மாமி பொய் சொன்னாள் என்பீர்கள்.

சூசைத்துறையில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மைதானம் உண்டு. வெயில் இருக்கிற வரைக்கும் அது நாங்கள் நெத்திலி காயப்போடுகிற இடம், வெயில் தாழ்ந்தால் பையன்மார் பந்து விளையாடுகிற இடம். அதன் முதுகை ஒட்டித்தான் எங்கள் வீடுகள். மைதானம் இருக்கிறவரை கடல் அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். மணல் மைதானம் என்றால் புல் மைதானம் மாதிரிச் சும்மா கிடக்காது, ஒரு ஆட்டம் முடிந்தால் குழியும் மேடுமாகக் கிடக்கும். அதனால் பழைய வள்ளத்துப் பலகை ஒன்றில் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவனவன் நின்று விளையாடுகிற இடத்தை அவனவனே பலகை இழுத்து மட்டமாக நிரத்த வேண்டும், கோல் காக்கிற கோலி கோலுக்கு முன்னால் உள்ளதை, ஓரத்தில் ஓடுகிறவன் ஓரத்தை, நடுவில் நிற்கிறவன் நடுவை. அடுத்தவன் இடத்தில் பலகை வைக்கிறது அடுத்தவன் சோற்றுத் தட்டில் கை வைக்கிற மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

முதலில் போனவன் ஆன்றோ, வலது ஓரத்தில் ஓடுகிறவன். கொல்கத்தாவில் ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டது. மாலை போட்டு, வெடி போட்டு, அழுது, சிரித்து பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் பாலத்தைத் தாண்டின நேரம், நல்ல உச்சி வெயில், அலை இல்லை, காற்று இல்லை, கடல் மெதுவாக ஏறி வந்து மைதானத்தின் வலது ஓரத்தை அல்வாத் துண்டு வெட்டுகிற மாதிரி நேராக வெட்டி எடுத்துக்கொண்டு போனது. ஆன்றோ எங்கே இருந்து எங்கே வரைக்கும் ஓடுவானோ அங்கே இருந்து அங்கே வரைக்கும், ஒரு சாண் கூடவும் இல்லை, முக்காலி அளவுக்கு ஒரு திட்டு தவிர ஒரு சாண் குறையவும் இல்லை. காயப்போட்ட மீனைக்கூட அது தொடவில்லை, ஒதுக்கி இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனது.

நாங்கள் என்ன செய்தோம்? சுண்ணாம்புக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டோம். அடுத்த வருஷம் மார்ட்டின் சென்னை லீக்கில் விளையாடப் போனான், இடது மூலை போனது. கடலுக்குச் சென்னையும் ஒன்று, கொல்கத்தாவும் ஒன்று, அது பஸ் டிக்கெட்டைப் பார்க்கிறதில்லை. பையன்மார் போகப் போக மைதானம் தேய்ந்துகொண்டே வந்தது, ஊரும் அதற்குத் தகுந்த மாதிரி வாழப் பழகிக்கொண்டது. ஆன்றோ போன இடத்தில் தண்ணீர் ஆழமாக, அமைதியாக நின்றது, அங்கே வள்ளங்களைக் கட்டினார்கள். “வள்ளத்தை எங்கலே கட்டியிருக்க?” என்று கேட்டால் “ஆன்றோவுல” என்பார்கள். சின்னப் பிள்ளைகள் மார்ட்டினில் நீச்சல் படித்தார்கள். ஆன்றோவின் அம்மை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அந்தத் தண்ணீர் ஓரம் வந்து இருந்து, மகனிடம் பேசுகிற மாதிரி விலைவாசி எல்லாம் பேசிவிட்டுப் போவாள். கடலோர லீக் கமிட்டிக்காரர்கள் ஒரு தடவை டேப்போடு வந்து அளந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், பிறகு மிதக்கிற பந்து வெளியே போன பந்து இல்லை என்று எங்களுக்கு மட்டும் ஒரு புதுச் சட்டம் எழுதினார்கள். உள்நாட்டு ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்கு விளையாட வரும்போது நீந்தத் தெரிந்தவன் ஒருத்தனைக் கூடவே கூட்டி வந்தார்கள்.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் மனசில் வந்தது. போகிறவனை ஊர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. “மூலையைக் குடுத்து அனுப்புறோம், பெரிய இடமாப் போ மக்கா” என்பார்கள். “சென்னை பெஞ்சுல இருக்கியதுக்கா நாலு வள்ளம் கட்டுற மண்ணைக் கொண்டு போற?” என்று மார்ட்டினின் அப்பாவிடமே ஒருத்தன் கேட்டான். அன்று முதல் சின்ன லீக்குக்குப் போகிற ஆசை உள்ளவன் அதை வாய்திறந்து சொல்ல வெட்கப்பட்டான்.

அப்படி வெட்கப்பட்டவன்தான் கிளீட்டஸ், எங்கள் கோலி. கெட்டிக்காரன். பெனால்டி அடிக்க ஓடி வருகிறவனிடம், “அண்ணே, உங்க தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவாயிட்டாமே?” என்று கேட்பான், அடிக்கிறவன் கால் ஒரு நொடி தயங்கும், அந்த நொடி போதும் அவனுக்கு. சென்னையில் ஒரு சின்ன கிளப் அவனை ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தது. அவனுக்குப் போகணும் என்று உயிர். “பார்க்கலாம் மாமி” என்று மட்டும் சொல்வான்.

அவனுக்க சேக்காளி ஜெனிஷ். நடுவில் நிற்கிறவன். நின்றான் என்றுதான் பேர், அவன் போகாத இடம் நடுவில் இல்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் நாங்கள் பெண்கள்கூட மீன் புரட்டுகிறதை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். கேரளாவில் ஒரு போட்டியில் அவன் விளையாடியதை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, போர்ச்சுகலில் இருந்து ஒரு கிளப் அடுத்த பருவத்துக்கு வா என்று கூப்பிட்டது.

ஊர் கூடியது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில்.

“மக்கா ஜெனிஷ்,” என்றார் கமிட்டித் தலைவர் மிக்கேலடிமை, “நீ ஓரத்துல விளையாடினா ஓரம் போவட்டும்னு விட்டிருப்போம். நீ நிக்கியது நடு. நடு போச்சுன்னா பின்ன மைதானம் எங்க? கடலு வந்து எனக்க வீட்டு அடுப்புல இருக்கும்.”

ஜெனிஷின் அம்மை திரேசா எழுந்தாள். “உங்க அடுப்புக்கு எனக்க பிள்ளையா காவல்?”

“சென்னைக்கு ஒரு மூலை போலாம்னா, போர்ச்சுகலுக்கு நடு போறது ஞாயந்தானே வேய்?” என்றான் தையற்கடை லியோன்.

“நீ பேசுவ டே. உனக்க வீடு மேட்டுல இருக்கு” என்றார் மிக்கேலடிமை.

எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாதர் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு “ஜெபிப்போம்” என்றார். முடிவு தெரியாத கூட்டத்தை அவர் அப்படித்தான் முடித்து வைப்பார்.

அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் வந்து இருந்தார்கள். நான் பக்கத்தில் மீன் வாரிக்கொண்டிருந்தேன், என்னை ஒரு ஆளாக அவர்கள் எண்ணவில்லை.

“போணுமா டே?” என்றான் கிளீட்டஸ்.

“ஊரு வேண்டாங்குது.”

“ஊரைக் கேக்கல்ல. உன்னைக் கேக்கேன்.”

ஜெனிஷ் கால் விரலால் மணலைக் கிண்டினான். “போணும் டே. சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா போணும்.”

“பின்ன இன்னையில இருந்து பலகையைத் தொடாத.”

கெட்டிக்காரன் கண்டுபிடித்தது இதுதான். ஆன்றோவின் ஓரத்தைக் கடல் கொண்டு போனபோது அந்த ஓரத்துக்குள் முக்காலி அளவுக்கு ஒரு மண் திட்டு மட்டும் போகாமல் நின்றது, இன்றைக்கும் அதில் கடல் காக்கா வந்து இருக்கும். ஏன் அது மட்டும் நின்றது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கிளீட்டஸுக்கு மட்டும் தெரியும், ஆன்றோ காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், அந்த இடத்தில் பெரிய குழி விழுந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் யாருக்கும் தெரியாமல் அவன்தான் அங்கே பலகை இழுத்தான். கடல் கணக்கு வைப்பது விளையாடுகிறவன் காலை இல்லை, நிரத்துகிறவன் கையை.

அந்தப் பருவம் முழுக்க, மழையிலும் வெயிலிலும், ஜெனிஷ் விளையாடினான், கிளீட்டஸ் நிரத்தினான். அடுத்தவன் தட்டில் கை வைக்கிறான் என்று பையன்மார் முகம் சுளித்தார்கள், அவன் கேட்கவில்லை. தன் கோல் முன்னால் உள்ளதை இழுத்துவிட்டு, கயிறைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவுக்குப் போவான், அங்குலம் அங்குலமாக இழுப்பான். தன் கை அங்கே ஏற ஏறத் தன் கால் இங்கே கட்டுப்படும் என்று அவனுக்கு அப்போதே தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். தெரியாமல் செய்ய அவன் மடையன் இல்லை.

ஜெனிஷ் போகிற நாளில்தான் கிளீட்டஸ் தன் கணக்கை ஊருக்குச் சொன்னான், யாரும் முழுசாக நம்பவில்லை, வெடியும் போடவில்லை. மூட்டை முடிச்சையும் பாத்திரத்தையும் கோழியையும் தூக்கிக்கொண்டு ஊரே கோயில் படியில் ஏறி நின்றது. பஸ் பாலத்தைத் தாண்டியது. கடல் எழுந்து வந்தது, ஓரத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நடு வட்டம் வரைக்கும் வந்தது. வந்து நின்று, நாய் அந்நியன் காலை மோந்து பார்க்கிற மாதிரி மண்ணை மோந்து பார்த்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. ஈரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

கிளீட்டஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். திரேசா அவன் காலைப் பிடித்துக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் மிக்கேலடிமை மட்டும் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மெதுவாகக் கேட்டார், “அப்போ அந்த மண்ணு இப்ப யாருக்கது?”

ஆட்டம் நின்றது. தோளில் இருந்தவனை மெதுவாக, முட்டையை வைக்கிற மாதிரி, கீழே இறக்கி வைத்தார்கள்.

அன்று முதல் அவனை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. அதைவிடப் பாசமாக இருந்தார்கள். மீன் வந்தால் நல்ல கண்டம் அவனுக்க வீட்டுக்குப் போகும். முடி வெட்டினால் காசு வாங்க மாட்டார்கள். அவன் பஸ் ஏறினால் நடத்துநர் எங்கள் ஊர்க்காரர், காலி பஸ்ஸில் நின்றுகொண்டு, “இடம் இல்லையே மக்கா, அடுத்ததுல வா” என்பார். நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவன் போனபோது துணைக்கு என்று நாலு ஆண்பிள்ளைகள் கூடவே போய், கூடவே தின்று, கூடவே திரும்பி வந்தார்கள். சென்னை கிளப்பில் இருந்து மறுபடி போன் வந்தது. “முட்டியில வலி சார்” என்றான். சொல்லிவிட்டுப் போய் அன்றைக்கும் நடுவை நிரத்தினான்.

கமிட்டிக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பலகை இழுங்கள், பாரத்தைப் பங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பையன்மாரிடம் சொன்னது. மறுநாள் ஒருத்தனும் விளையாட வரவில்லை. ஒருத்தனுக்கு வயிற்று வலி, ஒருத்தனுக்குப் பரீட்சை. நான் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மை வாசலை மறித்து நின்றாள். “எனக்க பிள்ளைக்கும் ஒரு நாள் போன் வரும் மாமி. அப்போ அவனுக்க காலை யாரு அவுத்து விடுவா?” என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் நானே கயிறைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நான் இழுக்க இழுக்க எனக்குப் பின்னால் மண் மறுபடி குழி குழியாக எழுந்து நின்றது, பந்து விளையாடாதவள் பலகையை அது மதிக்கவில்லை. திரும்பினால் கிளீட்டஸ் நிற்கிறான்.

“மாமி, மொதல்ல ஒரு கோல் அடிங்க. பின்ன இதைப் பார்க்கலாம்” என்றான். சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு அன்று தாங்க முடியவில்லை.

ஆட்டத்தில் நடுவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேராக விளையாடினார்கள். ஜெனிஷ் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது, பந்து அந்த இடத்தைச் சுற்றிப் போனது, எதிரணிக்காரர்களும் என்ன ஏது என்று தெரியாமலே சுற்றிப் போனார்கள். கிளீட்டஸ்கூட பலகை இழுக்கிற நேரம் தவிர அங்கே கால் வைக்க மாட்டான். தோற்றோம். தோற்றதற்கு யாரும் வருத்தப்படவில்லை.

ஜெனிஷ் அங்கே இருந்து போன் பண்ணுவான். முதலில் குளிர் என்றான், சோறு இல்லை என்றான், புல் மெத்தை மாதிரி இருக்கிறது, விழுந்தால் முட்டி தேயாது என்றான். பிறகு பேச்சு குறைந்தது. “விளையாட விட்டானா டே?” என்று கிளீட்டஸ் கேட்பான். “பெஞ்சுதான். ஆனா நல்ல பெஞ்சு, குஷன் வச்சது” என்பான் அவன்.

பிறகு ஒரு சாயங்காலம். நாங்கள் பெண்கள் நெத்திலி வாரிக்கொண்டிருந்தோம், சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள், கிளீட்டஸ் கையுறை போட்டுக்கொண்டு கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றான். போன் அடித்தது. கையுறையோடு பேச முடியாது, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்தான், அதனால் எல்லாம் கேட்டேன்.

“நான் வாறேன் டே,” என்றான் ஜெனிஷ். “எனக்குப் போதும். ஊருக்கு வந்து ஊரிலேயே இருக்கேன். பலகையைக் குடு, எனக்க இடத்தை நான் நிரத்துறேன். சென்னைக்காரன் உன்னை இன்னும் கேக்கியான்னு அம்மை சொன்னா. நீ போ. கோலு முன்னால உள்ள துண்டு போனாப் போவட்டும், கம்பத்தை நாலடி முன்னால நட்டுக்கலாம்.”

மக்களே, அந்த நேரம் கிளீட்டஸ் முகத்தை நான் பார்த்தேன். முதல் பலகாரம் கையில் வாங்கின பிள்ளை முகம். “எப்போ வருவ?” என்றான். முதலில் அதைத்தான் கேட்டான், அதை மறைக்க மாட்டேன்.

“இந்த மாசமே. டிக்கெட் பார்த்திட்டேன்.”

 கிளீட்டஸ் பெனால்டிக்கு நிற்கிறபோது கண்ணைச் சுருக்குவான் அல்லவா, அப்படிச் சுருக்கினான். “உனக்க கோச்சு என்ன சொன்னாரு?”

“அவரு என்ன, சொல்லுவாரு. நடுவுல நிக்கிய ஒருத்தன் வேற கிளப்புக்குப் போறானாம், அடுத்த சீசன் உன்னைப் போட்டுப் பார்க்கேங்காரு. அதெல்லாம் நம்ப முடியாது டே. எனக்கு ஊரு போதும். எனக்க இடம் போதும்.”

“போட்டுப் பார்க்கேன்னாரா?”

“ஆமா. அத விடு. நான் வாறேன்.”

கிளீட்டஸ் கடலைப் பார்த்தான், பஸ் போகிற பாலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவனுக்குத் தலையாட்டினேன், வரச் சொல்லு மக்கா, வரச் சொல்லிவிட்டு நீ போ என்று என் வாய் அசைந்தது. அவன் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டான்.

“வராத டே,” என்றான். “இங்க உனக்கு இடம் இல்ல.”

“என்ன சொல்லுற?”

“நடுவுல ஆளு போட்டாச்சு.”

“பொய். யாருமே நிக்கல்லன்னு அம்மை சொன்னாளே.”

“உனக்க அம்மைக்குப் பந்து தெரியுமா?”

 ஜெனிஷ் விடவில்லை, “வீடியோவைப் போடு. மைதானத்தைக் காட்டு.”

கிளீட்டஸ் போனை எடுத்து வீடியோவைத் திறந்து என் கையில் தந்தான். “நேராப் பிடிங்க மாமி. கையை ஆட்டாதீங்க.” பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓரத்தில் நின்ற சின்னப் பயல் ஒருத்தன்மேல் எறிந்தான். “கோலுக்கு நில்லு லேய்!” என்றான். பையன் விழித்தான். மீன் வாரிக்கொண்டிருந்த பெண்கள் கை அப்படியே நின்றது. கிளீட்டஸ் மைதானத்துக்குள் நடந்தான், யாரும் கால் வைக்காத அந்த நடுவுக்குப் போய், சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால் ரெண்டையும் அகட்டி வைத்து, வருஷக்கணக்காக அங்கேயே நிற்கிறவன் மாதிரி நின்றான்.

“யாரு அது நடுவுல?” என்று என் கைக்குள் இருந்து ஜெனிஷ் கேட்டான். “கிளீட்டஸா? மாமி, அவன் என்னத்துக்கு அங்க நிக்கியான்? மாமி, சொல்லுங்க. அது எனக்க இடம்னு அவனுக்குத் தெரியாதா?”

நான் போனை இன்னும் நேராகப் பிடித்தேன். 

கிளீட்டஸ் போன் இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை. ஓரத்தில் வாய் பிளந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஒரு கையை உயரத் தூக்கினான், அங்கே போர்ச்சுகல் வரைக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி, “எனக்குப் போடுங்கலே பந்தை!” என்று கத்தினான்.